மூன்றாம் அங்கத்தில் அழும் குழந்தை

வங்கக் கடல் கொஞ்சம் உள்ளே வந்து எட்டிப்பார்த்து, இங்கே தனக்கு ஒன்றும் இல்லை என்று திரும்பிப்போன இடத்தில் மாதாபட்டினம் என்று ஓர் ஊர் இருந்தது. பிரெஞ்சுக்காரன் அதை ஆண்டு முடித்துப் போகும்போது ஒரு மணிக்கூண்டையும், வாயில் நுழையாத சில தெருப்பெயர்களையும், மத்தியானம் கடையைச் சாத்திக்கொண்டு தூங்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டுப் போயிருந்தான். இவை போக ஓர் ஆபராவையும் எழுதிவைத்திருக்கிறான் என்பது நூறு வருஷத்துக்கு மேலாக ஊரில் யாருக்கும் தெரியாது, தெரியாததால் யாரும் மெலிந்தும் போகவில்லை.

ஆபரா என்றால் முழுக்க முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம். அதில் ஒருவன் இன்னொருவனிடம் கதவைச் சாத்து என்று சொல்வதானாலும் பாடித்தான் சொல்வான், மற்றவன் சாத்தமாட்டேன் என்று அதைவிட உயரமாகப் பாடுவான். மாதாபட்டினத்து ஆபராவை எழுதியவர் முசியே ஒக்தாவ் பெல்லமி என்ற சுங்க அதிகாரி. துறைமுகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூட்டைகளுக்கு முத்திரை குத்தியவர், வெயிலுக்குப் பயந்து தெருவில் இறங்காதவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே இந்தியாவை முழுசாகத் தெரிந்துகொண்டு 'புலித்துறை ராணி' என்று மூன்று அங்கம் எழுதினார். அதில் ஊர்க்காரர்கள் கனவிலும் கண்டிராத புலிகள் வந்தன, யானைகள் வரிசையாக நின்றன, பூசாரி ஒருவன் முதல் அங்கத்தில் ஆரம்பித்த சாபத்தை மூன்றாம் அங்கத்தில்தான் முடித்தான். ராணி ஒரு கப்பல் கேப்டனைக் காதலித்து, பிள்ளை பெற்று, அதைத் தாமரை இலையில் வைத்து ஆற்றில் விட்டுவிட்டு, விஷம் குடித்து, குடித்த பிறகு கால் மணி நேரம் பாடுவாள். மாதாபட்டினத்தில் விஷம் குடித்தவர்கள் யாரும் அவ்வளவு அவகாசம் எடுத்துக்கொண்டதில்லை. பாரிசில் ஒரே ஒரு தடவை மேடையேறியதாம். ஆற்றில் போகிற பிள்ளை அழவேண்டிய இடத்தில் ஒரு குழலை ஊதப்போக, அது வாத்து கத்துவதுபோல் கேட்க, சபை சிரிக்க, அந்தச் சிரிப்போடு ஆபரா செத்தது.

அதை எழுப்பத்தான் முசியே வெர்னாக் வந்து இறங்கினார். செத்துப்போன ஆபராக்களைத் தோண்டியெடுத்துப் புதிதாக ஒலிப்பதிவு செய்து விற்கும் கம்பெனி ஒன்று அவரை அனுப்பியிருந்தது. வாத்தியங்களை வேறொரு தேசத்தில் முன்பே பதிந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ராணியாகப் பாட ஓர் அம்மாளை விமானத்தில் அழைத்துவந்திருந்தார். கோரஸ் மட்டும் இந்த மண்ணின் குரலாக இருக்கவேண்டும் என்று அடம்பிடித்தார். மண்ணின் குரல் மலிவாகவும் கிடைத்தது. ஒலிப்பதிவுக்கு இனேஸ் என்று ஒரு பெண் கூட வந்தாள். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புதுச்சேரிக்காரர். அவருடைய பழைய செபப் புத்தகம் ஒன்றை வைத்தே அவள் தமிழ் படித்திருந்தாள். டீக்கடை வாசலில் வந்து நின்று, "ஐயா, அடியாளுக்குச் சற்றுத் தேநீர் தந்தருளும்" என்பாள். கடைக்காரர் இரண்டு கையாலும் கொடுத்தார்.

மாதா கோயில் பாடகர் குழு முழுவதும் கோரஸாக மாறியது. அதை நடத்திய பெர்க்மான்ஸ் மாஸ்டருக்கு ஒரே ஒரு குறை: நோட்டு பார்த்துப் பாடத் தெரிந்தவர்கள் கைவிரலுக்குள் அடங்கிவிட்டார்கள். அதில் ஒருத்தி பெலிசிதா. கான்வென்டில் படித்தவள். அங்கே சிஸ்டர்கள் அவளுக்குத் தோ-ரே-மியையும், கையெழுத்தையும், யாராவது கை உயர்த்தினால் எச்சில்கூட விழுங்காமல் நிற்பதையும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். இருபத்திரண்டு வயதில் அவளுக்கு மர்சலின் என்ற மூன்று மாசப் பெண்குழந்தையும், கத்தாரில் வேலைபார்க்கும் தனிஸ்லாஸ் என்ற புருஷனும், எல்லாவற்றின் மேலும் ஒரு பயமும் இருந்தன. பிள்ளை தூங்கினால் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். வந்தால், இவ்வளவு வேகமாக வரலாமா என்று பயப்படுவாள். பிள்ளை அழும்போது மட்டும்தான் அவளுக்குப் பயம் விட்டுப்போகும். அழுகிற பிள்ளை உயிரோடு இருக்கிறது, அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

"அத்தை, ரெக்கார்டிங் முடியிறவரைக்கும் பாப்பாவ வெச்சுக்கிறீங்களா?" என்று மாமியாரிடம் கேட்டாள்.

"எனக்குச் செபமால பாக்கி கெடக்கு" என்றார் மதலேன் அத்தை. "ஆபராவுல பாடுறவளுக்குப் பிள்ளய ஒரு ஓரமாப் போட்டுக்க முடியாதா? அந்தக் கதையிலயே ராணி பிள்ளய ஆத்துலதான விட்டுட்டாளாம்?"

அப்படியாகப் பெலிசிதா பிள்ளையைக் கூடையில் போட்டுக்கொண்டு ஒலிப்பதிவு நடந்த கோயிலுக்குப் போனாள். சூசையப்பர் சொரூபத்தின் காலடியில், காற்று வரும் இடமாகப் பார்த்துக் கூடையை வைத்தாள்.

ஒலிப்பதிவுக்கு ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மீன்காரிகள் விலையை ஒருவர் காதில் ஒருவர் சொன்னார்கள். ஆட்டோக்களை எஞ்சின் போடாமல் தள்ளிக்கொண்டே கோயிலைக் கடந்தார்கள். பிள்ளையார் கோயில்காரர்கள் மணிக்குத் துணி சுற்றினார்கள். காக்கைகளுக்குத் தெற்குத் தெருவில் சோறு வைத்து அவற்றை ஒட்டுமொத்தமாக அங்கே வரவழைத்தார்கள். எழவு வீட்டில்கூட ஒப்பாரியை இடைவேளைக்குத் தள்ளிவைத்தார்கள் என்று சொல்வார்கள், செத்தவர் கொஞ்சம் சங்கீதப் பிரியர்.

மூன்றாம் அங்கம். தாமரை இலை ஆற்றில் போகிறது. வாத்துக் குழல் வேண்டவே வேண்டாம் என்று முசியே வெர்னாக் அந்த இடத்தை வெறும் மௌனமாக விட்டுவிட முடிவுசெய்திருந்தார். கோரஸ் ஓய்ந்தது. வாத்தியங்கள் ஓய்ந்தன. மௌனம் ஆரம்பித்த அந்த நொடியில், சூசையப்பர் காலடியில் மர்சலின் விழித்துக்கொண்டு அழுதாள்.

பசி அழுகை. முதலில் ஒரு சிணுங்கல், பிறகு மூச்சிழுப்பு, பிறகு கோயில் கூரையைப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பிவந்த ஓர் ஓலம். பெலிசிதாவின் கால் தானாக ஓர் எட்டு வைத்தது. முசியே வெர்னாக்கின் இடது கை உயர்ந்தது. உள்ளங்கை அவளைப் பார்த்து விரிந்தது. அவள் நின்றாள். அவளோடு கோரஸ் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று பெற்று வளர்த்தவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை இருமினாலே அடுப்பை அணைக்காமல் ஓடுகிறவர்கள், அன்றைக்கு அந்தக் கைக்குக் கட்டுப்பட்டுச் சொரூபங்களோடு சொரூபமாக நின்றார்கள். அவர்கள் எல்லோருமே அதே கான்வென்டில் படித்தவர்கள். அழுகை எழுந்தது, யாரும் வரவில்லை என்று தெரிந்து இன்னும் எழுந்தது, ஒரு விக்கலோடு நின்றது. கை இறங்கியது. முசியே வெர்னாக்கின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. இனேஸ் காதுப்பொறியைக் கழற்றிவிட்டு, "கர்த்தருக்குத் தோத்திரம், எல்லாம் பதிந்தது" என்றாள்.

பெலிசிதா ஓடிப்போய்த் தூக்கியபோது பிள்ளையின் வாய் முழுக்கத் திறந்திருந்தது, முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது, கண்ணில் நீர் கொட்டியது. சத்தம் மட்டும் இல்லை.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்றார். பங்குச் சாமியார் தலையில் கைவைத்து மந்திரித்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே மௌனத்தின் மேன்மையைப் பற்றி நெடுநேரம் சத்தமாகப் பிரசங்கம் வைத்தார். மதலேன் அத்தை செபமாலையை உருட்டியபடி, "அழாத பிள்ளைக்கு அவனவன் நேர்ச்ச வெக்கிறான். ஒனக்குச் சும்மா கெடச்சிருக்கு, அதுக்கு மூஞ்ச வேற தூக்கி வெச்சுக்கிற" என்றார். தெருவிலிருந்த கைப்பிள்ளைக்காரிகள் ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து, மர்சலினின் சட்டையை ஒரு நாளைக்குக் கடன் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று கூடுதலாக அழுதன.

மாமரம் ஒரு முறை காய்த்து ஓய்ந்தபோது ஒலித்தட்டு வந்து சேர்ந்தது. ஊரே பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார்ந்து கேட்டது. முதல் அங்கத்தில் பாதிப் பேர் தூங்கினார்கள், இரண்டாவதில் மீதிப் பேர். மூன்றாவதில் அழுகை வந்ததும் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்.

"அட, நம்ம பெலிசு மவ" என்றார் டீக்கடைக்காரர்.

"அதான் எங்க போச்சுன்னு பாத்தேன்" என்றார் டாக்டர்.

தொலைந்த சாவி அலமாரிக்கு அடியில் கிடைத்தால் எவ்வளவு ஆச்சரியமோ அவ்வளவுதான் ஊருக்கு ஆச்சரியம். பிள்ளையின் அழுகை ஒலித்தட்டுக்குள் போய்விட்டது, போன இடம் நல்ல இடம், வெளிநாட்டு இடம். பாரிஸ் பத்திரிகையில் ஒருவர், மனித குலத்தின் முதல் துக்கம் இந்த அழுகையில் கேட்கிறது என்று எழுதினார். இன்னொருவர், இந்தியாவின் ஆன்மா இதில் தேம்புகிறது என்றார். மர்சலினுக்கு அப்போது வேண்டியிருந்தது பால். அதை யாரும் எழுதவில்லை.

பிறகு மாதாபட்டினம் முழுக்க ஆபராவாயிற்று. சலூனில் அது ஓடியது, அரிசி மில்லில் ஓடியது, கலியாண வீட்டில் தாலி கட்டும்போது மேளத்துக்குப் பதிலாக ராணி விஷம் குடித்தாள். பேருந்து நிலையத்தில் கண்டக்டர்கள், "ரெண்டாவது அங்கத்துல கொஞ்சம் இழுவதான், ஆனா பூசாரி ரோலுக்குக் கனமான தொண்ட வேணும்" என்று பேசிக்கொண்டார்கள். நகராட்சி, வருகிற வழியில் ஒரு பலகை வைத்து, அதில் ஊரின் பெயருக்குக் கீழே தாமரை இலையையும் அதன்மேல் வாய் திறந்த ஒரு பிள்ளையையும் வரைந்தது. பிள்ளை வெள்ளையாக இருந்தது. சாயம் வெளுத்துவிட்டது என்று ஓவியர் சொன்னார்.

கத்தாரிலிருந்து தனிஸ்லாஸ் கூப்பிட்டான். "பெலிசு, ரூம்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுனேன். மலையாளத்துக்காரன் ஒருத்தன் அழுதே போயிட்டான். ரிங்டோனே அதான் வெச்சிருக்கேன்."

"அவளால இப்ப அழ முடியலைங்க."

"அதான் இங்க அழுவுறாளே" என்றான் அவன், சந்தோஷமாக.

பெலிசிதாவால் கடைத்தெருப் பக்கம் போக முடியவில்லை. எங்கேயாவது மூன்றாம் அங்கம் ஓடினால் அவள் மார்பு அதை வேறு யாருடைய குரலாகவும் எடுத்துக்கொள்ளவில்லை; பால் சுரந்து ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிவருவாள். வீட்டில் பிள்ளை சத்தமில்லாமல் கிடக்கும். கால்களில் சலங்கை கட்டிவைத்திருந்தாள். தன் மணிக்கட்டிலிருந்து பிள்ளையின் கணுக்காலுக்கு ஒரு நூல் கட்டிவைத்திருந்தாள். குளிக்கும்போதும் கதவிடுக்கு வழியாக அந்த நூல் அவளோடு வந்தது. யாராவது சிரித்தால், விழுந்துவிடுவாள் என்று பயம் என்பாள். எங்கே விழும், பாயில்தானே கிடக்கிறது என்பார்கள்.

ஒருநாள் சாயங்காலம் நூல் அவிழ்ந்திருந்தது. அடுத்த அறையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், சலங்கைச் சத்தம் கேட்கவில்லை, தூங்குகிறது என்று நினைத்தாள். வந்து பார்த்தால் தொட்டில் துணி முழுக்கச் செவ்வெறும்பு. பிள்ளையின் தொடையிலும் கழுத்திலும் இமையிலும் எறும்பு. மர்சலின் வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து, உடம்பை வில்லாக வளைத்து, எவ்வளவோ நேரமாக அழுதுகொண்டிருந்தாள். சலங்கை, துணிச் சுருக்கில் சிக்கிக்கொண்டிருந்தது. எதிரே கூடத்தில் செபமாலையோடு உட்கார்ந்திருந்த மதலேன் அத்தை, "ஏன்டி ஓடுற, பிள்ள அசந்து தூங்குது" என்றார்.

அத்தை செபமாலையைக் கீழே வைத்தார். தேங்காயெண்ணெய் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார். பிள்ளையின் உடம்பில் தடிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. ஒரு தாய் அடுத்த அறையில் இருக்கும்போதே ஒரு பிள்ளை செத்துப்போக முடியும் என்பது பெலிசிதாவுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

அவள் செல்போனில் மூன்றாம் அங்கத்தைப் போட்டு அதை மார்போடு அணைத்துத் தட்டிப் பார்த்தாள். போன் சூடானது, அவ்வளவுதான். வீடியோ காலில் இனேஸைக் கூப்பிட்டாள்.

"மகளே, அது பிரதியாம்" என்றாள் இனேஸ், திரையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பிரதிகளில் நிழல் மாத்திரமே இருக்கும். அன்று கோயிலில் பதிந்த மூலமோ லியோன் பட்டணத்தில் குளிர்ந்த அறையொன்றில் பூட்டப்பட்டிருக்கிறது. உம் குமாரத்தியின் குரல் இருக்குமானால் அதிலேதான் இருக்கும்."

"அத அனுப்ப முடியாதா, சிஸ்டர்?" பயத்தில் அவளுக்கு எல்லோரும் சிஸ்டர் ஆகிவிட்டார்கள்.

"கம்பெனியார் மனம் கடினப்பட்டிருக்கிறது" என்றாள் இனேஸ்.

பெலிசிதா, கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவைக்கு முன்னால் போய் நின்றாள். மூலத்தைக் கேட்டு வாங்கித் தாருங்கள் என்றாள். பங்குச் சாமியார் கனிவாகத் தலையாட்டினார். நகராட்சித் தலைவர் கனிவாகக் கடிகாரம் பார்த்தார்.

"வாங்கிட்டா, தட்டுல இருந்து அழுகை போயிடுமே?" என்றார் தலைவர்.

"போயிடும்னுதான் நெனைக்கிறேன்."

"பெலிசு" என்றார் பெர்க்மான்ஸ் மாஸ்டர். "ஒம் மவ அழுவுறத எடுத்துட்டா அதுல என்னம்மா மிச்சம்? அத்தன விமர்சனம் வந்துருக்கு. கோரஸப் பத்தி ஒரு வரி, ஒரே ஒரு வரி கெடையாது. நான் நாப்பது நாள் தொண்டத்தண்ணி வத்தக் கத்துக்குடுத்தேன்."

"அவள எறும்பு கடிச்சுது, மாஸ்டர். எனக்குக் கேக்கல."

"எறும்பு மருந்து அடிக்கச் சொல்றேன்" என்றார் தலைவர். "நகராட்சி செலவுலயே."

சொன்னபடி அடித்தார்கள். தெரு முழுக்க இரண்டு நாள் நாறியது.

ஆனால் மூலம் வந்தது. பெலிசிதாவுக்காக இல்லை. ஒலித்தட்டுக்கு ஏதோ பெரிய பரிசு கிடைத்துவிட்டது; முசியே வெர்னாக் மாதா திருவிழாவுக்கு ஊர் வந்து, பதிவு பிறந்த கோயிலிலேயே மூலப்பதிவை ஒரு தடவை ஒலிக்கவைத்து, அதைப் படமெடுத்துக்கொண்டு போக விரும்பினார். ஊரே கிளர்ந்தது. கறுப்பாக, செங்கல் பருமனில் ஒரு பெட்டி. அதை விமான நிலையத்திலிருந்து கொட்டுமேளத்தோடு அழைத்துவந்தார்கள். கையில் சும்மா தூக்கிக்கொண்டு போனால் மரியாதையாக இருக்காது என்று தேவதூதரான மிக்கேல் சம்மனசின் சப்பரத்தில், சம்மனசை மூன்று நாளைக்குக் கீழே இறக்கிவிட்டு, அந்த இடத்தில் பட்டு விரித்து வைத்தார்கள். சாமந்தி மாலை போட்டார்கள். சப்பரம் தெருவைச் சுற்றி வந்தபோது சனங்கள் வழக்கம்போல் உப்பும் மிளகும் அள்ளி வீசினார்கள். ஒருத்தி தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையவேண்டும் என்று பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டாள். இனேஸ் சப்பரத்தின் கூடவே ஓடிக்கொண்டு, "உப்பு ஆகாது, உப்பு மட்டும் ஆகாது, சகோதரரே" என்று கெஞ்சினாள். அவளுடைய பக்தியைப் பார்த்து நாலைந்து பேர் கூடுதலாக வீசினார்கள்.

கோயிலில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் மந்திரி, அடுத்து முசியே, அடுத்து பரிசு. பீடத்துப் படியில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி; மூலப்பதிவிலிருந்து அதற்கு ஒரு கம்பி போயிற்று. பெலிசிதா ஐந்தாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கோரஸ் வரிசையில் நிற்கச் சொல்லியிருந்தார்கள், தலைசுற்றுகிறது என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் மதலேன் அத்தை மடியில் மர்சலின். இப்போது அவளுக்குப் பல் வந்திருந்தது, தவழ்ந்தாள், பெஞ்சைப் பிடித்து எழுந்து நின்றாள்.

முதல் அங்கம் முடிந்தது. இரண்டாம் அங்கத்தில் மந்திரி தலை சாய்ந்தது. மூன்றாம் அங்கத்தில் தாமரை இலை ஆற்றில் போயிற்று, கோரஸ் ஓய்ந்தது, வாத்தியங்கள் ஓய்ந்தன. முசியே வெர்னாக் எழுந்து, காமிராவுக்காக, அன்று போலவே இடது கையை உயர்த்தினார். கோயில் முழுக்க எச்சில் விழுங்குவது நின்றது.

சிணுங்கல். மூச்சிழுப்பு. ஓலம்.

கடைத்தெருவில் கேட்டதெல்லாம் வேறு என்று பெலிசிதாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. அதெல்லாம் அழுகையின் படம். இது அழுகை. பெட்டிக்குள் ஒரு மூன்று மாசப் பிள்ளை பசியோடு விழித்து, யாராவது வருவார்களா என்று காத்திருந்து, வரவில்லை என்று கண்டு குரலை உயர்த்திக்கொண்டிருந்தது. அவள் ரவிக்கை நனைந்தது. எழுந்துவிட்டாள்.

"ஒக்காருடி" என்றார் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் நடந்தாள். உயர்ந்த கை அவள் பக்கம் திரும்பியது, உள்ளங்கை விரிந்தது. பங்குச் சாமியார் உதட்டில் விரல் வைத்தார். பெர்க்மான்ஸ் மாஸ்டர் கண்ணாலேயே மன்றாடினார். பயம் கூடவே வந்தது, ஆனாலும் பயத்தோடு நடக்க முடியும் என்று தெரிந்தது. மந்திரியைத் தாண்டினாள், பரிசைத் தாண்டினாள், படியேறி ஒலிபெருக்கிப் பெட்டியை இரண்டு கையாலும் கட்டித் தூக்கினாள். தூக்கவே முடியாத கனம். எப்படியோ இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பின்னால் கம்பி இழுபட்டது.

"வந்துட்டேன்" என்றாள் பெட்டியிடம். கோயிலில் எல்லோருக்கும் கேட்டது. "வந்துட்டேன்டி தங்கம். அம்மா வந்துட்டேன். இத்தன மாசமா அழுதியா? யாருமே தூக்கலியா ஒன்ன? இல்லடி, இல்ல, இங்கதான் இருக்கேன்."

பெட்டியின் முதுகில் தட்டினாள். இடமும் வலமுமாக அசைந்தாள். முசியே வெர்னாக்கின் கை அந்தரத்தில் நின்றது; அது இறங்கவில்லை, அதனால் ஊரும் எழவில்லை. ஓலம் தேம்பலாயிற்று. தேம்பல் ஒரு நீண்ட பெருமூச்சாயிற்று. பெட்டிக்குள் ஒரு சின்ன ஏப்பம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இனேஸ் தன் திரையைப் பார்த்தாள். அதில் மலைமலையாக ஓடிக்கொண்டிருந்த கோடு தரையாகப் படுத்துவிட்டது. சலூனில், அரிசி மில்லில், கத்தாரில் ஒரு சட்டைப்பையில், உலகத்தில் எங்கெல்லாம் அந்தத் தட்டு இருந்ததோ அங்கெல்லாம் அந்த இடத்தில் வெறும் மௌனம் வந்து உட்கார்ந்தது, முசியே முதலில் திட்டமிட்டிருந்த அதே மௌனம்.

அப்போது ஐந்தாவது பெஞ்சில் மர்சலின் அழுதாள்.

அது அழகான அழுகை இல்லை. கரகரத்தது, நடுவில் உடைந்தது, சுருதியென்று சொல்ல ஒன்றும் இல்லை. எறும்புக்கும், காய்ச்சலுக்கும், முளைத்த பல்லுக்கும், இருட்டில் தனியாக விழித்துக்கொண்டதற்கும் சேர்த்து, வரவேண்டிய பாக்கியெல்லாம் ஒரேயடியாக வந்தது. மதலேன் அத்தை கையிலிருந்து செபமாலை நழுவியது. பிள்ளையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "அழுவுறாடி" என்றார், "ஏ பெலிசு, அழுவுறாடி ஒம் மவ." அவர் முகம் கோணியது.

ஊர் திரும்பிப் பார்த்தது. அந்த அழுகையைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள், அதைக் கலியாணத்தில் போட்டவர்கள், அதற்குப் பலகை வைத்தவர்கள், சற்று முன்பு அதைச் சப்பரத்தில் சுமந்து உப்பு வீசியவர்கள், எல்லோரும் பெஞ்சுகளில் திரும்பி, முகத்தைச் சுளித்து, ஒரே மூச்சாக, "உஷ்" என்றார்கள்.

"யாரு பிள்ள அது?" என்றார் மந்திரி, விழித்துக்கொண்டு.

"வெளிய தூக்கிட்டுப் போம்மா" என்றார் நகராட்சித் தலைவர். "நிகழ்ச்சி நடக்குதுல்ல."

பெலிசிதா பெட்டியைப் படியில் இறக்கிவைத்தாள். வந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நடுப்பாதை நீளமானது, அவள் அவசரப்படவில்லை. மர்சலின் அவள் காதுக்குள்ளேயே கத்தினாள், பெஞ்சுக்குப் பெஞ்சு "உஷ்" அவர்களோடு கூடவே வந்தது. வாயைப் பொத்தவில்லை, விரலைச் சப்பக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பெஞ்சையும் முழுசாகக் கடந்து, வாசலைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கினாள்.

வெளியே மெழுகுவர்த்தி விற்கிறவள் நிழலில் உட்கார்ந்து திரிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "பசிக்குது அதுக்கு" என்றாள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.